பனைக்குப் போர்வை

1

பதினொரு வருடம் கழித்து, போன மாதம் ஊருக்குப் போய் வந்தேன். கூடவே என் மனைவி சரோஜாவும் மகள் மலரும். புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் தெரு. நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே என் தகப்பனார் எல்லோர் முன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்டார். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தது போலிருக்கிறது.

“டேய் தனபாலு, நீ கடுதாசில எழுதினதெல்லாம் சரி. இப்ப இவங்க எல்லாரு முன்னாடியும் உன் வாயால சொல்லு. சீமைல நெசமாவே பனைமரத்தப் பாத்துக்கத்தான் உனக்குச் சம்பளம் குடுக்குறானா?”

“ஆமா நைனா.”

“பாத்துக்குறதுன்னா? இன்னா பண்ணுவே?”

“சின்னதா இருக்கறப்போ குளுருக்குச் சாக்கு சுத்தணும். காத்துல சாயாம கழி நட்டுக் கட்டணும். தண்ணி நிக்காம பாத்துக்கணும்.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் தம்பி ஏழுமலை ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். “அண்ணே, அங்க பாரு, எத்தினி மரம் அநாதையா நிக்குது. நீ ஊர்ல இல்லாம இதெல்லாம் எப்டிதான் உசுரோட கீதோ!”

எல்லோரும் அடங்குவதற்குள் மலர் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பேசினால் பாதி ஆங்கிலம். ஏழுமலையிடம் நிஜமான கவலையோடு கேட்டாள்: “சித்தப்பா, விண்டர்ல இதுக்கெல்லாம் யாரு போர்வை போத்துவாங்க?”

அதன் பிறகு அன்று யாரும் வேறு எதுவும் பேசவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் அளந்து கல் நடுகிறார்கள், ஏழுமலை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. முதல் நாள் முழுக்கப் பனைக்குப் போர்வைதான்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த வேலை எனக்கு வந்த விதத்தையும், ஒரு குளிர்காலம் முழுக்க நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்ததையும் வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை. திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

நான் கடைசல் பட்டறைக்காரன். ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன், அறுபத்தைந்தில் இங்கிலாந்துக்கு வேலை அனுமதி கிடைத்து வந்தேன். அப்போது மலருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. சரோஜாவையும் குழந்தையையும் செவ்வாப்பேட்டையில் அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஸ்டேஷனில் சொன்னேன்.

அது மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவர்கள் வருவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு நான் இங்கே வீடு காட்ட வேண்டும், வேலை காட்ட வேண்டும். நிஜமாகவே என் மனைவிதானா என்று பார்க்க, மதராஸில் பிரிட்டிஷ் ஆபீசில் சரோஜாவைக் கூப்பிட்டு, உன் மாமனார் வீட்டுக்கு எத்தனை கதவு என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஒன்று என்றாள். இங்கே என்னைக் கேட்டபோது இரண்டு என்றேன். பின்பக்கம் தட்டி வைத்து மறைத்திருப்பதை நான் கதவில் சேர்த்துவிட்டேன். அந்தத் தட்டிக்காக ஆறேழு மாதம் போயிற்று.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அங்கே இங்கே அலைந்து, கிழக்குக் கடற்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன். கோடையில் ஜனம் குளிக்க வரும் ஊர். குளிர்காலத்தில் காற்று மட்டும்தான் வரும். நகராட்சியின் பூங்காப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று வேலைவாய்ப்பு ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள்.

பூங்கா அதிகாரி வயதான மனிதர். காதும் கொஞ்சம் மந்தம். எந்த ஊர் என்று கேட்டார். மதராசுக்கு வடக்கே என்றேன். அங்கே பனை உண்டா என்றார். எல்லா இடத்திலும் உண்டு, நான் பிறந்ததிலிருந்து பனையோடுதான் இருக்கிறேன் என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர்க் கவுன்சிலர் ஒருவர் தெற்கே கடலோரம் எங்கோ பனைமரங்களைப் பார்த்துவிட்டு வந்து, நம் கடற்கரைச் சாலையிலும் வைத்தே தீர வேண்டும் என்று தீர்மானம் போட வைத்திருந்தாராம். குளிரைத் தாங்கும் சீனப் பனை, ஆறு கன்றுகள், வழியில் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

நான் பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். எனக்கு லேத் வேலைதான் தெரியும், மரம் வளர்த்ததே இல்லை என்றேன். என் உச்சரிப்பில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “அப்படியானால் பனை வளர்ப்பது உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

“யெஸ்” என்றேன்.

தமிழில் ஒருவர் ‘தெரியாதா?’ என்று கேட்டால் ‘ஆமாம், தெரியாது’ என்றுதான் சொல்வோம். அந்த ஆமாமைத்தான் நான் சொன்னேன். ஆங்கிலத்தில் அந்த யெஸ்ஸுக்கு ‘தெரியும்’ என்று பொருளாம். அதிகாரி கை கொடுத்தார். மார்ச் முடிய தற்காலிக வேலை. மரங்கள் குளிரைத் தாண்டினால் நிரந்தரம் பற்றிப் பார்க்கலாம் என்றார். குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான் விளங்கியது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் நடந்தது உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவுவரை போகவும் போனேன். உள்ளே அவர் யாரிடமோ சந்தோஷமாக, “இந்தியாவிலிருந்தே ஆள் கிடைத்துவிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

3

எங்கள் பக்கத்தில் யாரும் பனையை வளர்ப்பதில்லை. அது வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். வரப்பு யாருடையது என்று தகராறு வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்களுக்கு வரப்பும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஆகவே நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

லாரியில் வந்து இறங்கிய ஆறும் என் இடுப்பு உயரம் இருந்தன. இலை நம் பனையோலை மாதிரியே விசிறிதான், ஆனால் சிறியது, மெல்லியது. தண்டு முழுக்கக் கம்பளி போர்த்தியது போல் பழுப்பு நார். நம் மரம் வெற்றுடம்போடு வெயிலில் நிற்கும். இது பிறக்கும்போதே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிறந்திருக்கிறது. பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் ஏழுமலைக்கு எழுதினேன், ஊரில் யாரிடமாவது விசாரித்துச் சொல் என்று. அவன் பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். ‘அண்ணே, பனை எப்டி வளக்குறதுன்னு கேட்டுக்கிறியே, ஒடம்புக்கு ஏதாச்சும் பேஜாரா? நைனாகிட்ட படிச்சுக் காட்டினேன். கொட்டையத் துப்பிட்டு வந்துடச் சொல்லு, அதுவா மொளைக்கும்னு சொல்லுச்சு. ஒடம்பைப் பாத்துக்கோ.’

நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. தண்ணீர் தேங்கக் கூடாது, காற்று அடிக்கக் கூடாது, குருத்தில் ஈரம் நிற்கக் கூடாது என்று போட்டிருந்தது. இந்த ஊரில் இருப்பதே இந்த மூன்றும்தான்.

எனக்கு மேலே இருந்த மேஸ்திரியின் பெயர் பெர்ட். பருத்த உடம்பு, சிக்கனமான பேச்சு. என் பெயரை ஒரே நாளில் டான் என்று சுருக்கிவிட்டார். வாரக் கூலிக் கவரிலும் டான் என்றே எழுதியிருக்கும். பனை விஷயத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான் செய்வதைத் தூரத்தில் நின்று பார்ப்பார், பைப்பைப் பற்ற வைப்பார், போய்விடுவார். மழை நாட்களில் வெளிவேலை இருக்காது. அப்போது கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த புல்வெட்டும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவேன். அந்த ஒரு வேலை மட்டும்தான் எனக்கு அங்கே பயமில்லாமல் செய்ய முடிந்தது.

நவம்பரில் முதல் உறைபனி விழுந்தது. ஓலைகளை மேலே தூக்கிக் கட்டினேன். வைக்கோல் வைத்து, சாக்குச் சுற்றி, அது போதாது என்று கடற்கரை நாற்காலிகளை மூடும் பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்து மேலே சுற்றி, கயிற்றால் இறுக்கினேன். ஒரு பொட்டுக் குளிர் உள்ளே போகாது என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. ஜனவரியில் சரோஜாவும் மலரும் வருகிறார்கள்.

நகராட்சியில் வேலை என்று அவளுக்கு எழுதியிருந்தேன். மார்ச் வரைக்கும்தான் என்று எழுதவில்லை. எழுதினால் டிக்கெட்டைத் திருப்பிவிடுவாள் என்று தெரியும்.

4

மலர் என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு நான் ஒரு போட்டோ. போட்டோவில் மீசை இருந்தது, நேரில் இல்லை. முதல் வாரம் முழுக்க சரோஜாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுதான் என்னைப் பார்த்தாள்.

சரோஜா குளிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் குடியிருந்தது மீன் வறுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. அவள் அந்த வாசனையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, “உன் மரத்தக் காட்டு” என்றாள். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என்னுடைய பழைய கோட்டு. மலரை நடுவில் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனோம். சாலையில் ஒரு ஜீவன் இல்லை. கடல் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது.

சரோஜா ஆறையும் வரிசையாகப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாயா இது, பொணத்தைக் கட்ற மாதிரி கட்டி வச்சிக்கீறே?”

“குளுரு போவாம இருக்கத்தான்.”

“உள்ள உசுரு கீதான்னு பாத்தியா?”

“நவம்பர்ல கட்டினதுதான். இப்ப அவுத்தா செத்துடும்.”

“கட்டினதுலயே செத்துப் போயிருந்தா?”

கட்டின நாளிலிருந்து நானே என்னிடம் கேட்காமல் தள்ளி வைத்த கேள்வி அது. கத்தியை எடுத்து முதல் மரத்தின் கயிற்றை அறுத்தேன். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் கோத்திருந்தது. சாக்கு சொதசொதவென்று கையில் வந்தது. உள்ளே வைக்கோல் கறுத்திருந்தது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். நடுக்குருத்தைத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும், இழுக்கவே இல்லை. முழுக்குருத்தும் கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் பழுப்புக் கூழ்.

இரண்டாவது மரமும் அப்படித்தான். மூன்றாவதும். நான்காவது கயிற்றில் கை வைக்கவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“மரம்தானே, போனாப் போவுது. எந்திரி, புள்ள நடுங்குது” என்றாள் சரோஜா.

அப்போதுதான் சொன்னேன். மார்ச் வரைக்கும்தான் வேலை என்றேன். மரம் பிழைத்தால்தான் அதற்கு மேல் என்றேன். வேலை போனால் வீடு போகும் என்றேன். அந்த யெஸ் கதையையும் சொன்னேன். காற்று இரைச்சலில் பாதி வார்த்தையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் மலரை இழுத்துக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டாள்.

“மூணு வருசமா எங்களை இந்தா கூப்புடுறேன் அந்தா கூப்புடுறேன்னு சொல்லிக்கினு இருந்துட்டு, கடேசில இந்த மரத்த நம்பியா கூப்ட்டுக்கினே?”

“ஆமா.”

“இதை எனக்கு எழுதியிருந்தா இன்னா?”

“நீ வந்திருக்க மாட்டே.”

“வந்திருப்பேன்யா. ரெண்டு புடவை கம்மியா எடுத்துக்கினு வந்திருப்பேன், அவ்ளதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குளிரா அழுகையா தெரியவில்லை. “நாளைக்கு உங்க மேஸ்திரிகிட்ட போயி உள்ளத உள்ளபடி சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. துரத்தினா துரத்தட்டும். வேற எங்கியாச்சும் லேத்து இல்லாமயா பூடும்?”

மிச்சம் மூன்று மரங்களையும் அவளே அவிழ்த்தாள். அவை அழுகியிருக்கவில்லை, காற்று வாகில் பிளாஸ்டிக் கிழிந்து, ஈரம் போயிருந்தது. நான் சரியாகக் கட்டிய மூன்றும் அழுகின. சரியாகக் கட்டாத மூன்றும் பிழைத்தன.

5

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனபோது பெர்ட் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“மூன்று மரங்களின் குருத்து அழுகிவிட்டது. தப்பு என்னுடையது. எனக்குப் பனை வளர்க்கத் தெரியாது. எப்போதுமே தெரியாது.”

“தெரியும்” என்றார் பெர்ட்.

“தெரியாது” என்றேன், இன்னும் அழுத்தமாக. மறுபடியும் அந்த யெஸ் குழப்பம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

“உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்கிறேன். லாரியிலிருந்து இறக்கிய அன்றைக்கே தெரியும். நாய்க்குட்டியைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தாயே! சர்க்கரை போடவா?”

“பிறகு ஏன் என்னை வைத்திருந்தீர்கள்?”

அவர் பைப்பால் மூலையைக் காட்டினார். நான் சரிசெய்த புல்வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. “இதையெல்லாம் நாலு வருடமாக வெளியே அனுப்பி அனுப்பி நொந்துபோயிருந்தேன். அந்த மரத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கும்தான். யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?”

“மார்ச்சுக்குப் பிறகு என் வேலை?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “உன்னை நிரந்தரம் ஆக்கச் சொல்லி நான் இலையுதிர் காலத்திலேயே எழுதிவிட்டேன். அவர்களும் சரி என்றுவிட்டார்களே. ஆபீசில் சொல்லவில்லையா?”

நகராட்சி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள். தனபால் என்றேன். அப்படி யாரும் இல்லை என்றாள். டான் என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதில் என் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர் முனுசாமி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. “மிஸ்டர் முனுசாமியா! உங்களைத்தானே தேடிக்கொண்டிருந்தோம்! இந்தியாவிலிருந்து எப்போது திரும்பினீர்கள்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இங்கே கடைசியில் வரும் பெயர்தான் ஆளின் பெயர். அக்டோபரில் இவளே கொட்டகைக்கு வந்து, முனுசாமி இருக்கிறாரா என்று கேட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “இல்லை, அவர் இந்தியாவில் இருக்கிறார்” என்று பணிவாகச் சொல்லி அனுப்பினேன். என் தகப்பனாரை இவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன், கேட்கத் தோன்றவில்லை. அவளும் போய், முனுசாமி இந்தியாவுக்கு விடுப்பில் போயிருக்கிறார், வந்ததும் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்துவிட்டாள்.

நான் தூங்காமல் கிடந்த அத்தனை ராத்திரியும் நான் நிரந்தர ஊழியன்.

6

மாடிப்படியில் ஏறும்போதே சரோஜா கதவைத் திறந்துவிட்டாள். சன்னல் வழியாக நான் வருவதைப் பார்த்திருக்கிறாள்.

“துரத்திட்டானா?”

“இல்ல. வேலை நெரந்தரமாம். அக்டோபர்லயே ஆயிடுச்சாம்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எங்க நைனாகிட்ட சொல்லலாம்னு இருந்திருக்காங்க.”

முழுக்கதையையும் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள். “மாமனாரு லீவுல கீறாரா!” என்றாள். அதோடு சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கி, மறுபடி “லீவுல கீறாரா!” என்பாள், மறுபடி ஆரம்பித்துவிடும். கீழே மீன்கடைக்காரர் வந்து, எல்லாம் சரிதானே என்று எட்டிப் பார்த்தார். அம்மா சிரிப்பதைப் பார்த்து மலரும் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு குழந்தை சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சரோஜா கேட்டாள்: “அப்ப மரம் செத்தாலும் வேலை போவாது?”

“போவாது.”

“அப்பாடா.” ஒரு பெருமூச்சு விட்டாள். சற்றுப் பொறுத்து, “அதுக்காவ சாவ வுட்டுடாதே” என்றாள்.

பயம் போன பிறகுதான் எனக்கு அந்த மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்த்ததெல்லாம் மார்ச் மாதத்தை. பெர்ட்டும் நானும் அழுகிய குருத்துப் பள்ளங்களைத் துடைத்து, ரோஜாச் செடிக்கு அடிக்கும் மயில்துத்தக் கரைசலை ஊற்றினோம். பிளாஸ்டிக்கைத் தூர எறிந்தோம். வேரடியில் கல்லும் மணலும் போட்டுத் தண்ணீருக்கு வழி வெட்டினோம். பிப்ரவரியில் பெரும்பனி பெய்தது. அப்போது சாக்கை மட்டும் தளர்வாகச் சுற்றினோம். வெயில் வந்தால் அவிழ்ப்போம். தினமும் மத்தியானம் மலரைக் கூட்டிக்கொண்டு சரோஜா வருவாள். தூக்குப் பாத்திரத்தில் சோறு இருக்கும். மூன்று பள்ளத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவாள்.

ஏப்ரல் போயிற்று. ஒன்றும் இல்லை. மே மாதம் ஒருநாள் இரண்டாம் மரத்தின் பள்ளத்தில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. ஒரு வாரத்தில் வெளியே வந்தது. நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்ட மாதிரி மொட்டை, ஒரு பக்கம் சுருட்டிக்கொண்டு, விசிறியாக விரியத் தெரியாத ஓலை.

“கோணலா கீதே” என்றேன்.

“கோணலா இருந்தா இன்னா? வந்துச்சே” என்றாள் சரோஜா. கோட்டைக் கழற்றி மலரின் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஓலையின் மேல் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

மூன்றாம் மரமும் ஜூனில் குருத்து விட்டது. முதல் மரம் விடவில்லை. நான் முதலில் அவிழ்த்த மரம். அதைத் தோண்டி எடுக்கும்போது பெர்ட் தொப்பியைக் கழற்றினார். கேலிக்கா நிஜமாகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கோடை முடிவில் என்னைக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, சுற்றிலும் கனவான்கள். பனைகளின் வெற்றிக்கு என்ன ரகசியம் என்று தலைவர் கேட்டார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். எனக்குத் தெரியாது. நான் அதிகம் பார்த்துக்கொண்டது செத்துவிட்டது. விட்டுவிட்டது பிழைத்துவிட்டது. அவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். இன்னும் பன்னிரண்டு கன்றுகள் வாங்குவதாக அங்கேயே தீர்மானம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். “இன்னும் பன்னெண்டா! யாருய்யா இவங்கள்லாம், சும்மாவே இருக்க மாட்டாங்களா?”

7

இப்போது கடற்கரைச் சாலை நெடுகப் பனைதான். பழைய ஐந்தும் என்னைவிட உயரம். போஸ்ட் கார்டில்கூடப் போட்டிருக்கிறார்கள். நகராட்சி கொடுத்த வீட்டின் முன்னறைச் சன்னலிலிருந்து, தெரு முனையில் இரண்டு மரங்கள் தெரியும்.

மலர் எங்களைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டுதான் இருக்கிறாள். அதை மறைக்க விரும்பவில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். பள்ளித் தோழிகள் வந்தால் சரோஜாவின் பேச்சை மொழிபெயர்க்கும்போது சுருக்கிவிடுகிறாள். ஊரிலிருந்து கிளம்பும்போது என் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றாள். வார்த்தை கிடைக்காமல் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் திகைத்துப்போய்க் கன்னத்தைத் தடவிக்கொண்டே பஸ் ஏற்றிவிட வந்தார். முன்பெல்லாம் இதை நினைத்து மருகுவேன். இந்தப் பயணத்துக்குப் பிறகு அவ்வளவாக இல்லை. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. ஒன்றை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து திரும்பிய இரண்டாம் ஞாயிறு நல்ல பனி. காலையில் சரோஜா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மலர் சன்னலில் நின்று கத்தினாள்.

“அப்பா! பனி மேல பனை!”

“பனை மேல பனிடீ” என்றாள் சரோஜா, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

“சேம் திங்! அப்பா, சீக்கிரம் போங்க, பெண்ட் ஆகுது!”

பழக்க தோஷத்தில் கோட்டை எடுத்துவிட்டேன். ஒரு கையை நுழைத்துக்கொண்டே சன்னலுக்கு வந்தேன். தெருமுனை மரத்தின் ஓலைகளெல்லாம் வெள்ளைப் பாரத்தோடு கீழே கவிழ்ந்திருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓர் ஓலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அதன் மேலிருந்த பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. ஓலை விசுக்கென்று மேலே எழும்பி ஆடி நின்றது. பிறகு அடுத்தது.

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“இன்னாயா, போவலியா?” என்றாள் சரோஜா.

“இல்ல. இன்னொரு தோசை போடு.”